ஓரிடத்தானும் சமதானியும்: தமிழில் தனிம, ஐசோடோப்பு அட்டவணை ஆக்கத்தின் சொல்லியல் சிக்கல்கள் – மரக்காணம் உப்பளக் கடற்கரையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் அறிவியல் கலைச்சொல்லாக்கம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தனிச்சொற்களின் தூய்மை, பொருத்தம் ஆகியவற்றையே பேசி வந்துள்ளன. அட்டவணை என்னும் வடிவத்தில் ஒரு சொல் எவ்வாறு பொருள்படுகிறது என்பது போதிய கவனம் பெறவில்லை. தனிமங்களையும் அவற்றின் ஐசோடோப்புகளையும் காட்டும் அட்டவணைகளைத் தமிழில் ஆக்கும்போது எழும் பெயர்ச் சிக்கல், தலைப்புச்சொற் சிக்கல், எண் சிக்கல் ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஆரோவிலை அடுத்த மரக்காணம் உப்பளப் பகுதியில் கிடைக்கும் பொருள்களே சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. தமிழ்நாட்டு வழக்கும் இலங்கை வழக்கும் ஒப்பிடப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: தனிமம், மூலகம், ஐசோடோப்பு, ஓரிடத்தான், சமதானி, நிறை, திணிவு, அணுவெண், கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் முதலில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தையும், பாலாற்றைக் கடந்தபின் மரக்காணத்து உப்பளங்களையும், அதன்பின் ஆரோவிலையும் கண்டு புதுச்சேரியை அடைவர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என அறிஞர் சிலர் கொள்வர். நெய்தல் நிலத்து உப்பும் உமணரும் சங்கப் பாடல்களில் பெற்ற இடம் தமிழ் பயில்வோர் நன்கறிந்தது. அதே கடற்கரையில் இன்று உப்பைப் பாத்தியில் விளைவிக்கும் தொழிலும், அணுக்கருவைப் பிளந்து மின்னாக்கும் தொழிலும் ஒரு சில மணிநேரப் பயணத் தொலைவுக்குள் நடைபெறுகின்றன.

1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பெற்ற ஆரோவிலில் தமிழ், பிரெஞ்சு, சமஸ்கிருதம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளும் சிறப்பிடம் பெற்றவை. தமிழில் வழங்கும் தனிமப் பெயர்களின் வரலாற்றை நோக்கின், இந்நான்கு மொழிகளின் தடமும் அதில் இருப்பதைக் காணலாம். ஐட்ரசன், ஆக்சிசன் என்னும் பெயர்களுக்கு மூலமானவை 1787-இல் லவாய்சியரும் அவர்தம் துணைவரும் வகுத்த பிரெஞ்சுப் பெயரிடல் முறையில் இடம்பெற்றவை. அவை நம்மிடம் ஆங்கிலத்தின் வழியே வந்தன. தொடக்கக் காலக் கலைச்சொல்லாளர் பலர் சமஸ்கிருதத்தை நாடினர். மெண்டலீவ் தாமும் தம் அட்டவணையில் அதுவரை கண்டறியப்படாத தனிமங்களுக்கு விட்ட வெற்றிடங்களை 'ஏக' என்னும் சமஸ்கிருத எண்ணுப்பெயரை முன்னொட்டாக்கிக் குறித்தார். ஏக-அலுமினியம் எனக் குறித்தது 1875-இல் காலியமாகவும், ஏக-போரான் 1879-இல் ஸ்காண்டியமாகவும், ஏக-சிலிக்கான் 1886-இல் ஜெர்மானியமாகவும் வெளிப்பட்டன. பெயர் பிறக்குமுன்பே இடம் பிறந்துவிட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது. அட்டவணையில் இடமே முதல். பெயர் அதன் பின்னரே வருகிறது. தமிழ்க் கலைச்சொல்லாளர் இவ்வரிசையைத் தலைகீழாகக் கொண்டமையால் விளைந்த சிக்கல்கள் சிலவற்றை இனிக் காணலாம்.

2. இடத்தினால் பெயர்பெற்ற பொருள்

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் கதிரியக்க ஆய்வு ஏறத்தாழ 40 புதிய பொருள்களைக் கண்டறிந்திருந்தது. அயோனியம், மீசோதோரியம், ரேடியம்-டி, தோரான் என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் சூட்டப்பட்டது. ஆயின், ஈயம் முதல் யுரேனியம் வரையில் அட்டவணையில் இருந்த இடங்கள் 11 மட்டுமே. 40 விருந்தினருக்கு 11 இலைகளே போடப்பட்டிருந்த பந்தி அது. கிளாஸ்கோவில் பணியாற்றிய பிரடெரிக் சாடி, வேதியியல் முறைகளால் பிரிக்கவியலாத பொருள்கள் நிறையில் வேறுபட்டாலும் அட்டவணையில் ஒரே இடத்தில் அமர்வன என 1913-இல் விளக்கினார். அவற்றைக் குறிக்கக் கிரேக்கத்தில் 'சம இடம்' எனப் பொருள்படும் 'ஐசோடோப்' என்னும் சொல்லை அவருக்கு எடுத்துரைத்தவர் மார்கரெட் டாட் என்னும் மருத்துவர். அவர் புதின ஆசிரியரும் ஆவார். அறிவியலின் மிகப் பயன்பட்ட கலைச்சொற்களுள் ஒன்று எழுத்தாளர் ஒருவரின் வாயில் பிறந்தது என்பது மொழித்துறையினர் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி.

ஆக, இச்சொல் பொருளின் தன்மையைச் சுட்டாமல் அட்டவணையில் அப்பொருள் அமரும் இடத்தைச் சுட்டுவது. அட்டவணை இல்லையேல் இச்சொல்லுக்குப் பொருளே இல்லை. தமிழில் இதற்கு வழங்கும் சொற்கள் நான்கு: ஐசோடோப்பு, ஓரிடத்தான், ஓரிடத்தனிமம், சமதானி. முதல் மூன்றும் தமிழ்நாட்டிலும் நான்காவது இலங்கையிலும் பயில்பவை.

'சமதானி' என்பது சம + தானம் என்பவற்றின் அடியாகப் பிறந்தது. கிரேக்க மூலத்தின் முன்னுறுப்புக்குச் 'சமம்' என்பதே நேர்ப்பொருளாதலின், சொல்லளவில் இது மூலத்தோடு மிக நெருங்கியது. 'ஓரிடத்தான்' என்பதில் சமம் ஒருமையாகிறது. இரண்டு பொருள்கள் சமமான இரு இடங்களில் இல்லை, ஒரே இடத்தில் உள்ளன என்னும் கருத்து இதில் தெளிவுபெறுகிறது. பொருளளவில் இது மூலத்தையும் விஞ்சியது எனலாம். ஆயினும் இலக்கண நோக்கில் இது உயர்திணை ஆண்பால் ஈறு பெற்ற குறிப்பு வினையாலணையும் பெயர். 'ஓரிடத்தான்கள்' என அஃறிணைப் பன்மை விகுதியை அதன்மேல் ஏற்றும்போது செவி இடறுகிறது. வகுத்தல் கணக்கில் வகுத்தி, பகுதி எனப் பால்காட்டா ஈறுகள் இயல்பாக நிலைத்தமையை நோக்க, இவ்வீறு மாணவரிடையே முழுதும் நிலைபெறாமைக்குக் காரணம் ஒருவாறு புலனாகும்.

இம்மூன்றினும் கூர்ந்து நோக்க வேண்டியது 'ஓரிடத்தனிமம்'. கேட்ட அளவில் இது குறையற்றதாகத் தோன்றும். ஆயின் குளோரின்-35, குளோரின்-37 ஆகிய இரண்டும் ஒரே தனிமம். அவற்றை 'ஓரிடத்தனிமங்கள்' என்று பன்மையில் சொல்லும்போது, ஒரே இடத்தில் அமர்ந்த பல தனிமங்கள் என்னும் பொருள் படுகிறது. சாடியின் காலத்தில் இப்பொருளே வழங்கியது. கதிரியக்கப் பொருள் ஒவ்வொன்றும் அப்போது ஒரு தனிமமாகவே எண்ணப்பட்டது. தனிமத்தை வரையறுப்பது அணுவெண்ணே என்பது மோஸ்லியின் 1913-ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பின்னர் உறுதிப்பட்டது. 'ஓரிடத்தனிமம்' என்னும் சொல் அறிவியல் கைவிட்ட ஒரு கருத்தைத் தன்னுள் பாதுகாத்து வைத்திருக்கிறது. வரலாற்றாய்வாளருக்கு இது சுவையானது. பத்தாம் வகுப்பு மாணவருக்குக் குழப்பம் தருவது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐசோடோப்புகளை விரித்துக் காட்டும் அட்டவணை மெண்டலீவின் வடிவத்தைச் சார்ந்ததன்று. எமிலியோ செக்ரேயின் பெயரால் வழங்கும் வரைபடத்திலும், 1958 முதல் வெளிவரும் கார்ல்ஸ்ரூ அட்டவணையிலும் நியூட்ரான் எண்ணிக்கை கிடையாகவும் புரோட்டான் எண்ணிக்கை நெடுக்காகவும் அமையும். 3,000-க்கும் மேற்பட்ட அணுக்கரு வகைகளுக்கு அதில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. மெண்டலீவின் கட்டத்தில் ஒரே இடத்தில் நெருங்கியிருந்தவை இவ்வரைபடத்தில் ஒரு வரிசையாகப் பிரிந்து நிற்கின்றன. 'ஓரிடத்தான்' என்னும் பெயர் தாங்கியவை இங்கே ஓரிடத்தில் இல்லை! பெயரின் பொருள் வெளிப்படையாக இருப்பது தமிழில் நன்மை எனப் போற்றப்படுகிறது. இவ்விடத்தில் அவ்வெளிப்படைத்தன்மையே கற்போனைத் தடுமாறச் செய்கிறது. ஆங்கில மாணவர் கிரேக்கம் அறியாராதலின் இம்முரணை உணர்வதில்லை. இவ்விரண்டாம் வகை வரைபடத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் பொதுவாகக் குறிக்க 'அணுக்கருவகை' என்னும் சொல்லையும், ஒரே கிடைவரிசையில் உள்ளவற்றின் உறவைக் குறிக்க மட்டும் 'ஐசோடோப்பு' என்னும் சொல்லையும் ஆளுதல் தகும்.

3. பெயர்களின் மூன்று மரபுகள்

தமிழில் வேதியியல் நூலாக்கத்தின் தொடக்கம் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் பணியோடு இணைந்தது. அவர்தம் குழுவின் முயற்சியால் 'கெமிஸ்தம்' 1875-இல் வெளிவந்தது. இயன்றவரை தமிழ்ச்சொல், அது கிட்டாதபோது வடசொல், அதுவும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லின் எழுத்துப்பெயர்ப்பு என்பது கிறீன் வகுத்துக்கொண்ட வரிசை. நூலின் பெயரே மூன்றாம் வகையைச் சார்ந்ததாக அமைந்தமை, வேதியியலில் அவ்வரிசை எவ்வளவு விரைவில் இறுதிப் படியை அடைந்தது என்பதைக் காட்டும். 1916-இல் இராஜாஜி முதலியோர் சேலத்தில் நிறுவிய அறிவியல் கலைச்சொற் சங்கம் வடமொழி வழியில் நடந்தது. 1930-களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சி தமிழ் வேர்களை முன்னிறுத்தியது. 1950-களில் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டபோது வேறொரு நெறி உருப்பெற்றது: பிறமொழிப் பெயரை ஏற்றுக்கொள்ளுதல், ஆயின் தமிழ் ஒலிமரபுக்கு முற்றிலும் ஆட்படுத்துதல்.

தொல்காப்பியம் எச்சவியலில் வடசொல்லைத் தமிழெழுத்தால் புணர்த்து வழங்கக் கூறும் நெறியே இலங்கை மரபின் அடிப்படை எனலாம். ஐதரசன், ஒட்சிசன், நைதரசன், காபன், பொற்றாசியம், மகனீசியம் என்பன அந்நெறியில் பிறந்தவை. மொழிமுதலாகா எழுத்துக்கு முன் உயிர் பெறுதலும் அவ்வாறே: இரேடியம், இலித்தியம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன், பொட்டாசியம், மெக்னீசியம் என எழுதும். தூயதமிழ் நெறியினர் நீரகம், உயிரகம், கரிமம் என்பர். இவற்றுள் எது சிறந்தது என்னும் வாதம் நெடிது. இக்கட்டுரை அதனுள் புகவில்லை. அட்டவணை நோக்கில் கேட்க வேண்டிய வினா வேறு: 118 பெயர்களையும் ஒருங்கே எழுதினால் ஒன்று மற்றொன்றோடு மயங்காமல் நிற்குமா?

இந்நோக்கில் பார்க்கும்போது மூன்று மரபுகளிலும் குறை தோன்றும். 31-ஆம் தனிமத்தின் பெயரும், பொட்டாசியத்தின் 'கே' என்னும் குறியீட்டுக்கு மூலமான இலத்தீனப் பெயரும் தமிழெழுத்தில் 'காலியம்' என ஒன்றாகிவிடும். வல்லெழுத்தின் ஒலிப்பு வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாமையே காரணம். இதனால் 31-ஆம் தனிமத்தைக் 'கேலியம்' என எழுதுவாரும் உளர். தாலியம் – தூலியம், ரேடியம் – ரோடியம், சீரியம் – சீசியம் என்னும் இணைகள் அச்சுப்பிழை ஒன்றால் இடம் மாறக்கூடியவை. தூயதமிழ் நெறியிலோ சிக்கல் மறுதிசையில் எழுகிறது. 'பொன்' என்பது தங்கத்துக்கும் உலோகப் பொதுமைக்கும் பெயராயிருந்தது. ஐம்பொன் என்னும் வழக்கு இன்றும் உண்டு. 'வெண்பொன்' நிகண்டு மரபில் வெள்ளியைச் சுட்டும். பிளாட்டினத்துக்கு அப்பெயரை இட்டால் 47-ஆம் கட்டமும் 78-ஆம் கட்டமும் மோதும்.

பிரெஞ்சு மொழி இங்கு ஒரு பாடம் தருகிறது. உலகின் பிற மொழிகள் பலவும் நைட்ரஜன் என்பதன் வடிவங்களை ஏற்றபின்னும் பிரெஞ்சில் 'அசோத்' என்னும் பெயரே வழங்குகிறது. 'உயிரற்றது' என்பது அதன் பொருள். பழைய பிரெஞ்சு நூல்களில் குறியீடுகூட வேறாக இருந்தது. பின்னர்க் குறியீடு உலகப் பொதுமைக்கு மாற, பெயர் மட்டும் நின்றது. செருமானியர் நீர்ப்பொருள், புளிப்புப்பொருள் எனப் பொருள்படும் தம் சொற்களையே பேணுகின்றனர். பெயர் மொழிக்கு உரியது, குறியீடும் எண்ணும் உலகுக்கு உரியன என்னும் உடன்பாடு அம்மொழிகளில் உள்ளது. சீனத்தில் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஓரெழுத்து. அவ்வெழுத்தின் ஒரு கூறே அது உலோகமா வளியா என அறிவிக்கும். ஐட்ரசனின் மூன்று ஐசோடோப்புகளுக்குங்கூட அங்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு.

4. நிறையும் திணிவும் எடையும்

பெயர்ச் சிக்கலைவிட ஆழமானது அட்டவணையின் தலைப்பில் அமையும் சொல்லின் சிக்கல். பெயர் தவறினால் ஒரு கட்டம் கெடும். தலைப்புச்சொல் தவறினால் நிரல் முழுதும் கெடும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பொருளின் அளவைக் குறிப்பது 'நிறை'. புவியீர்ப்பால் அப்பொருளுக்கு உண்டாகும் விசையைக் குறிப்பது 'எடை'. இலங்கைப் பாடநூல்களில் முன்னது 'திணிவு', பின்னது 'நிறை'. ஒரே சொல் பாக்குநீரிணையின் இருகரையிலும் இருவேறு இயற்பியல் அளவுகளைச் சுட்டுகிறது. தமிழ்நாட்டு மாணவர் 'நிறை எண்' என்பதையே இலங்கை மாணவர் 'திணிவெண்' என்பர். 'ஒப்பு அணு நிறை' அங்குச் 'சாரணுத்திணிவு' ஆகும். இலங்கையில் கற்றோர் தமிழ்நாட்டு அட்டவணையில் 'நிறை' என்னும் நிரலைக் காணின், விசையளவு ஒன்று இங்கு ஏன் வந்தது என மயங்குவது இயல்பே.

சொல் வரலாறு இலங்கை வழக்குக்கு ஆதரவாக நிற்கிறது. தொல்காப்பியம் அளவுப்பெயர், நிறைப்பெயர் எனப் பகுத்துப் புணர்ச்சி கூறுமிடத்து நிறை என்பது நிறுத்தறியும் அளவையே. நிறைகோல் என்பது தராசு. நிறு என்னும் வினையடி தூக்கிப் பார்த்தலைக் குறிப்பது. எனவே எடையைச் சுட்டுவதே 'நிறை'யின் பழம்பொருளுக்கு அணுக்கமானது. ஆயினும் தராசு ஒப்பிடுவது இறுதியில் பொருளின் அளவையே என்பதால் தமிழ்நாட்டு வழக்கையும் அடிப்படையற்றது எனத் தள்ளவியலாது. நூல்வழியே பல தலைமுறைகள் பயின்றுவிட்ட வழக்கை மாற்றுவதும் எளிதன்று. செய்யக்கூடியது ஒன்றே: இருநாட்டினரும் படிக்கும் வகையில் வெளியிடப்படும் அட்டவணையின் தலைப்பில் இரு சொற்களையும் அடுத்தடுத்து இடுதல். 'நிறை எண் / திணிவெண்' என்னும் இரட்டைத் தலைப்பு அழகற்றது என்பர் சிலர். அட்டவணைக்கு அழகு ஐயமின்மையே.

இதே நிரலில் இன்னொரு நுட்பமும் உண்டு. குளோரினின் அணுநிறை 35.45 என அட்டவணை காட்டும். ஆனால் 35.45 நிறையுள்ள குளோரின் அணு ஒன்றுகூட உலகில் இல்லை. 35 நிறை எண்ணுடையவை நான்கில் மூன்று பங்கும், 37 உடையவை ஒரு பங்கும் கலந்ததன் சராசரியே அது. 1919-இல் பிரான்சிஸ் ஆஸ்டன் அமைத்த நிறைமாலை வரைவியே இக்கலப்பை வெளிப்படுத்தியது. நிறை எண் முழுவெண், அணுநிறை பின்னவெண். முன்னது எண்ணிக்கை, பின்னது சராசரி. 'நிறை' என்னும் ஒரே சொல் இரண்டிலும் வருவதால் மாணவர் இரண்டையும் ஒன்றெனக் கொள்வர். அணுநிறை நிரலின் தலைப்பில் 'சராசரி' என்னும் சொல்லைச் சேர்ப்பது இம்மயக்கத்தை நீக்கும்.

5. உப்பளத்து அட்டவணை

கற்போனுக்கு அறிமுகமான பொருளிலிருந்து அட்டவணையைத் தொடங்குதல் நல்லாசிரியர் முறை. மரக்காணத்து உப்பளம் அதற்கு வாய்ப்பான களம். கடல்நீர் பாத்திகளில் வற்றும்போது முதலில் சுண்ணமும் ஜிப்சமும் படியும். பின் சோடியம் குளோரைடு விளையும். உப்பை வாரியபின் எஞ்சும் கசப்புநீரில் மெக்னீசியமும் பொட்டாசியமும் புரோமினும் மிகுந்திருக்கும். இத்தனிமங்களை மட்டும் கொண்டு ஐசோடோப்பு அட்டவணை ஒன்றைப் பின்வருமாறு அமைக்கலாம்.

சோடியம், அணுவெண் 11: நிலையானது 23 மட்டும்.
மெக்னீசியம், அணுவெண் 12: 24 (79 விழுக்காடு), 25 (10), 26 (11).
குளோரின், அணுவெண் 17: 35 (76), 37 (24).
பொட்டாசியம், அணுவெண் 19: 39 (93.3), 41 (6.7), 40 கதிரியக்கமுடையது (0.012).
புரோமின், அணுவெண் 35: 79 (51), 81 (49).

இச்சிறு அட்டவணையே பல செய்திகளைக் கற்பிக்கும். உப்புக் கற்கண்டு ஒன்றில் சோடியம் ஒரே முகத்தோடும் குளோரின் இரு முகங்களோடும் உள்ளன. புரோமின் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்து நிற்பதால் அதன் சராசரி 80-ஐ ஒட்டி வரும். ஆயின் இயற்கையில் நிலையான புரோமின்-80 இல்லை. பொட்டாசியம்-40 பெரும்பகுதி கால்சியம்-40 ஆகவும், சிறுபகுதி காற்றில் கலந்துள்ள ஆர்கான்-40 ஆகவும் மாறும். அதன் அரைவாழ்வுக் காலம் 125 கோடி ஆண்டு. அணுக்கருவகை வரைபடத்தில் இம்மாற்றங்கள் காய் நகர்த்துவது போன்றவை: பீட்டாச் சிதைவில் ஒரு கட்டம் மேலும் ஒரு கட்டம் இடமும், ஆல்பாச் சிதைவில் இரு கட்டம் கீழும் இரு கட்டம் இடமும் நகர்தல் வேண்டும். ஆடுபுலியாட்டம் அறிந்த சிறுவருக்கு இவ்விதிகளைக் கற்பிக்கப் பெருமுயற்சி வேண்டுவதில்லை.

புரோமினின் வரலாறும் உப்பளத்தோடு பிணைந்தது. பிரான்சின் தென்கடற்கரையில் மோன்பெலியே நகரை அடுத்த உப்பளத்துக் கசப்புநீரில் அன்துவான் பலார் 1826-இல் அத்தனிமத்தைக் கண்டறிந்தார். உவர்நீரின் இலத்தீனப் பெயரடியாக அவர் இட்ட பெயர் ஏற்கப்படாமல், நாற்றம் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லடியாகப் பெயர் அமைந்தது. பிறந்த இடத்தைச் சுட்டிய பெயர் போய்க் குணத்தைச் சுட்டிய பெயர் நின்றது. மரக்காணத்திலும் இதே கசப்புநீர் உப்பெடுத்தபின் எஞ்சுகிறது. ஆரோவிலில் பிரெஞ்சு கற்கும் தமிழ் மாணவருக்கு இவ்வரலாறு இரு கடற்கரைகளை இணைத்துக் காட்டும்.

நீரின் ஐசோடோப்புகளும் இந்நிலத்தில் பொருளுடையவை. நீர் ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜன்-16 உடைய மூலக்கூறுகள் முந்தி வெளியேற, ஆக்சிஜன்-18 உடையவை எஞ்சிய நீரில் மிகும். கிணற்றுநீர் உவர்த்தமைக்குக் கடல்நீர் உட்புகுந்தது காரணமா, உப்பளம் போன்ற வற்றிய நீர் கசிந்தது காரணமா, மண்ணிலிருந்த பழைய உப்புக் கரைந்தது காரணமா என நீரியலார் ஆராயும்போது இவ்வேறுபாடு ஒரு சான்றாகப் பயன்படும். கழுவெளி ஏரியையும் உப்பளங்களையும் சூழ்ந்து வாழும் ஊரினருக்கு இது குடிநீர் பற்றிய கேள்வி. அதற்கான விடை அடங்கிய அறிக்கை அவர்கள் மொழியில் படிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

6. எண்ணே பெயராகும் இடம்

ஐசோடோப்பு அட்டவணையில் தனிமப் பெயருக்குப் பின்வரும் எண் அணியன்று. பெயரின் பிரிக்கவியலா உறுப்பு. அயோடின் இதற்குத் தக்க சான்று. உணவு உப்பில் கலக்கப்படும் அயோடின் நிலையான 127. இந்திய விதிப்படி உண்போரை அடையும் நிலையில் அயோடின் கலந்த உப்பில் 10 லட்சம் பங்குக்கு 15 பங்கேனும் அது இருத்தல் வேண்டும். அணுவுலை விபத்தில் வெளிப்படக்கூடியது கதிரியக்கமுடைய 131. அதன் அரைவாழ்வுக் காலம் 8 நாள். 1986-இல் செர்னோபில் விபத்துக்குப்பின் அது கலந்த பாலை உண்ட குழந்தைகள் பலர் தைராய்டுப் புற்றுநோய்க்கு ஆளாயினர். தைராய்டுச் சுரப்பி 127-ஐயும் 131-ஐயும் வேறுபடுத்தி அறியாது. வேதியியலில் இரண்டும் ஒன்றே. அதனால்தான் நிலையான அயோடின் மாத்திரையை உரிய நேரத்தில் கொடுத்துச் சுரப்பியை முன்னரே நிரப்பிவிடுவர்.

2011 மார்ச்சில் புகுஷிமா விபத்தின்போது சீனத்தில் மக்கள் அயோடின் உப்பைக் கடைகளில் முண்டியடித்து வாங்கினர். உப்பே காக்கும் என நம்பினர். பெரியோருக்குரிய 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு மாத்திரையில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் அயோடின் உண்டு. மேற்கூறிய அளவுள்ள உப்பிலிருந்து அதனைப் பெற ஆறரைக் கிலோவுக்கு மேல் உண்ண வேண்டும். ஒரே பெயர் மூன்று பொருள்களில் ஆளப்பட்டதன் விளைவு அக்குழப்பம்: ஊட்டமாகிய அயோடின், மருந்தாகிய அயோடின், நஞ்சாகிய அயோடின். முதலிரண்டும் 127, அவற்றைப் பிரிப்பது அளவு. மூன்றாவது 131, அதனைப் பிரிப்பது எண். உப்பளமும் அணுவுலையும் ஒரே சாலையில் அமைந்த கடற்கரையில் இவ்வேறுபாட்டைத் தமிழில் பிழையற எழுதுதல் மொழித்துறையின் பொறுப்பாகவும் ஆகிறது.

எண்ணோடு தமிழ் வேற்றுமையுருபைச் சேர்ப்பதில் ஓர் இடர் உண்டு. 'அயோடின்-131ஐ' என எழுதியதை 'நூற்று முப்பத்தொன்றை' எனப் படித்தல் வேண்டும். எழுத்தில் உருபு எண்ணைத் தொட்டு நிற்க, பேச்சில் அது எண்ணுப்பெயரின் ஈற்றை மாற்றுகிறது. அச்சில் வரி மடியும்போது 'அயோடின்' ஒரு வரியிலும் '131' மறுவரியிலும் பிரிந்து விழுவதும் உண்டு. மேற்கோடாக எண்ணைத் தனிமக் குறியீட்டின் முன் இடும் உலக வழக்கு அட்டவணைக்குப் பொருந்தும். தொடருக்குப் பெயர்-எண் வடிவமே ஏற்றது. தொடரில் 'அயோடின்-131 என்பதை' எனச் சொல்லுருபு கொடுத்து எழுதினால் உருபு எண்ணைத் தீண்டாது. கட்டம் ஒன்றின் அமைப்பும் இதனையொட்டி வகுக்கத்தக்கது: மேலே அணுவெண், நடுவே உலகக் குறியீடு, அதன்கீழ்த் தமிழ்நாட்டுப் பெயர், சிறிய எழுத்தில் இலங்கைப் பெயர், அடியில் நிலையான ஐசோடோப்புகளின் எண்கள் ஒருவகை மையிலும் கதிரியக்கமுடையவை வேறு மையிலும்.

ஐட்ரசனுக்கு மட்டும் இம்முறை சற்று நெகிழ வேண்டும். அதன் இரண்டாம், மூன்றாம் ஐசோடோப்புகளுக்கு மட்டுமே டியூட்டிரியம், டிரிட்டியம் என்னும் தனிப்பெயர்கள் உலக அளவில் நிலைத்துள்ளன. அயோனியம் வழக்கிறந்தது. கல்பாக்கத்தின் அழுத்தக் கனநீர் உலைகளில் பயன்படும் கனநீர் டியூட்டிரியத்தாலானது. 'கனநீர்' என்னும் தமிழ்ச்சொல் எளிமையாகப் பொருள் விளங்க நிற்கிறது. ஆயின் மரக்காணம் வட்டாரக் கிணற்றடிகளில் உவர்நீரைக் 'கனத்த தண்ணீர்' எனக் கேட்டுப் பழகியோருக்கு அது உவர்நீராகவே தோன்றக்கூடும். அட்டவணையின் அடிக்குறிப்பில் கனநீருக்கும் உவர்நீருக்கும் ஒவ்வொரு வரி விளக்கம் இடம்பெறுதல் வேண்டும்.